பிலோ அக்காவின் தட்டில் பட்ட என் கை

என் செல்ல பிலோ அக்காவுக்கு,

உன் தம்பி ஸ்டீபன் எழுதுகிறேன். நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் கொண்டுவந்து வைப்பேன். பக்கத்துக் கல்லறைகளில் யார் வீட்டார் பூ வைக்கவில்லை என்று நோட்டம் விடுவேன். வீட்டுக்கு வந்து அதைப் பேசித் தீர்ப்பேன். அதோடு என் கடமை முடிந்தது. இந்த வருஷம் பயத்தில் எழுதுகிறேன். பயம் வந்தால் எனக்கு வாய் கூடிவிடும் என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் எஸ்.டி.டி. பூத் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. நான்தான் முதலாளி, நானே வேலைக்காரன். நீ உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கத்தார்காரர் மனைவி உன் கூண்டுக்குள் புருஷனோடு சண்டை போடுவாரே, நீ காதில் விழாதது மாதிரி ரசீது கிழித்துக்கொண்டு எல்லாவற்றையும் எனக்குச் சொல்வாயே, அவர் இப்போது தெருவில் நடந்துகொண்டே செல்போனில் சண்டை போடுகிறார். நம் இருவருக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது இன்று தெருவுக்கே கிடைக்கிறது. நாடு முன்னேறிவிட்டது அக்கா.

அம்மாவும் இப்போது உன் பக்கத்தில்தான். அதனால் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் மகள் ஜெனிக்கு வலிப்பு வந்தது.

நீ போகும்போது ஏழு வயதுக் குழந்தை. இப்போது பிளஸ் டூ. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். முதலில் வலது கை மட்டும் வெட்டிவெட்டி இழுத்தது. சீப்பு பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. பிறகு வாய் கோணி, கண் செருகி, தரையில் விழுந்து உடம்பு முழுதும் உதற ஆரம்பித்தது.

படித்தவன், பேப்பர் வாசிக்கிறவன், துபாய் பார்த்தவன், நான் என்ன செய்தேன் தெரியுமா? பீரோவிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடி அவள் கையில் திணித்தேன். உனக்கு அம்மா செய்ததையே செய்தேன். ரீட்டா மகளை மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணி மாதிரியே வருதுங்க, அண்ணி மாதிரியே வருதுங்க" என்று அழுதாள். அன்று காலை எங்கள் வீட்டில் மாதா பெயரைவிட உன் பெயரைத்தான் அதிகம் கூப்பிட்டோம்.

உன் காலத்தில் தலைக்கு ஸ்கேன் என்றால் மெட்ராஸ் போக வேண்டும். இப்போது தஞ்சாவூரிலேயே எடுக்கிறார்கள். நன்னிலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். ஸ்கேன் முடிந்து ஜெனிக்குத் தலை சுற்றியதால் ரீட்டா அவளை வெளியே பெஞ்சில் படுக்கவைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் அறைக்குள் நான் தனியாகத்தான் போனேன். அந்தத் தனிமைதான் பிற்பாடு என்னைக் கெடுத்தது.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது அதிகம் இருந்தால் பெரிது. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மூளையின் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு வளையத்தைக் காட்டினார். பட்டாணி அளவுகூட இல்லை. நான் புற்றுநோய் என்றே முடிவு கட்டி, மனத்துக்குள் ஜெபமாலையின் நான்காவது மணிக்குப் போய்விட்டேன். அது புற்றுநோய் இல்லை, நாடாப்புழுவின் குஞ்சு என்றார். முட்டை வாய் வழியாக வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் ஏறி, மூளையில் போய்க் குடியிருக்குமாம். அது சாகிற சமயத்தில் சுற்றிலும் வீங்கி வலிப்பு வருமாம். நம்மைப் போன்ற ஊர்களில் வலிப்புக்கு இது அபூர்வமான காரணம் இல்லையாம். வலிப்பு மாத்திரை தினமும், அதோடு வீக்கத்துக்கும் புழுவுக்கும் சில நாள் மாத்திரை என்று எழுதினார். வலிப்பு மாத்திரையை அவர் சொல்லும்வரை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

பன்றிக்கறியில் வருவதுதானே அது என்று நான் என் அறிவைக் காட்டினேன். ஜெனி பன்றிக்கறியைத் தொடவே மாட்டாள் என்றும் சொன்னேன். உன்னைப் போலவே அவளுக்கும் அந்த வாசனை ஆகாது. நம் ஊரில் சொல்வது உனக்கு நினைவிருக்கும். பன்றிக்கறி தின்றால்தான் தலையில் பூச்சி, பிலோ தின்னாத பெண், ஆகவே அவளுக்கு வந்தது வியாதி இல்லை, காத்து கருப்பு.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"சாப்பிடுறவங்களுக்கு வயித்துல புழு வளருங்க. அந்தப் புழு போடுற முட்டை மலத்துல வெளிய வரும். அவங்க சரியா கை கழுவலைன்னா, அந்தக் கை படுற சாப்பாட்ட யார் சாப்பிடுறாங்களோ அவங்களுக்குத் தலையில வரும். பன்னி சாப்பிடாதவங்களுக்கும் வரும். உங்க வீட்ல யாரு சாப்பிடுவீங்க?"

நான் கையைத் தூக்கினேன் அக்கா. வகுப்பில் பதில் தெரிந்த மாணவன் மாதிரி, பெருமையாக.

அந்தக் கை இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பன்றிக்கு எங்கிருந்து வருகிறது என்று சும்மா கேட்டுவைத்தேன். நம் மலத்தைத் தின்றுதான் என்றார். பன்றியை இத்தனை வருஷம் அசிங்கம் என்றோம். அந்தப் பிராணிக்குப் பேசத் தெரிந்திருந்தால் நம்மைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்?

என்னைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். எதைக் கொடுக்கச் சொன்னார் என்பதைப் நம் கோயில் பத்திரிகை பங்கு மலரில் எழுதுகிற மரியாதையான நகைச்சுவை எழுத்தாளன் எப்படிச் சொல்வது? அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, டப்பாவை ஒரு மிட்டாய்க் கடைப் பையில் போட்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் பையின் மேல் இருந்த கடைப் பெயரைப் படித்துவிட்டு, அந்தக் கடையில் அல்வாவைவிட மைசூர்பாகு நன்றாக இருக்குமே என்றார். நான் அல்வாதான் என்றேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒன்றிரண்டு தடவையில் அகப்படாமல் போகலாம், இன்னொன்று கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. மூன்றாவது தடவை அகப்பட்டது. காகிதத்தில் என் பெயர், என் வயது, கீழே நாடாப்புழுவின் முட்டை காணப்பட்டது என்று ஒரு வரி.

எனக்கு ஒரே வேளை மாத்திரை. அவ்வளவுதான், முடிந்தது. ரீட்டாவிடம் வாயு என்று சொல்லி விழுங்கினேன். எத்தனை வருஷக் குடித்தனக்காரனோ, ஒரே நாளில் காலி செய்துவிட்டுப் போனான். பிறகு மறுபடி பரிசோதித்தார்கள், சுத்தம். என் வயிற்றிலிருந்து அவன் போய்விட்டான். நீ மட்டும் அப்போதிலிருந்து என் தலையை விட்டுப் போகவில்லை.

துபாயிலிருந்து நான் முதல் லீவில் வந்தது நினைவிருக்கிறதா? இரண்டு வருஷம் பன்றிக்கறியைக் கண்ணால் பார்க்காத ஏக்கம். வந்து இறங்கிய மறுநாளே பின்கட்டில் அடுப்பு மூட்டினேன். உப்புப் பார்க்கிறேன், காரம் பார்க்கிறேன் என்று வேகாத கறியை ஒன்றொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருப்பேன். கறிக்குள் அரிசிமணி மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்ததைப் பார்த்துக் கொழுப்புக் கறி என்று நாக்கைச் சப்புக்கொட்டினேன். பிற்பாடு வெளிக்குப் போகும்போது சில நாள் நாடாத் துண்டு மாதிரி வெளுப்பாக ஏதோ வந்தது. யாரிடம் சொல்வது என்று வெட்கம். சேமியா செரிக்கவில்லை என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

நீ வாசனை தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முன்கட்டில் உட்கார்ந்திருப்பாய். பண்டிகையும் அதுவுமாக அக்கா வெறும் ரசம் சாப்பிடுவதா என்று எனக்குத் தாங்காது. உனக்கென்று தனித் தட்டு, தனிக் கத்தி. கறிச் சட்டியில் பட்ட எதுவும் உன் பக்கம் வராது. வெங்காயமும் வெள்ளரிக்காயும் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுக் கையாலேயே பிசைந்து, தயிர் விட்டுக் கொண்டுவந்து வைப்பேன். எவ்வளவு சுத்தம் பார்த்தேன் நான்! பாத்திரத்தில் பார்த்த சுத்தத்தை என் கையில் பார்க்கவில்லை.

துபாய்ப் பணத்தில் கட்டிய வீடு. மொசைக் தரை, கலர் டி.வி. கக்கூசும் கட்டினோம். அதற்குள் டி.வி. வந்த அட்டைப்பெட்டியையும் என் சூட்கேசையும் வைத்துப் பூட்டினோம். நானும் அப்பாவும் வழக்கம்போல வாய்க்கால் கரைக்குத்தான் போனோம். கரை மண்ணைத் தேய்த்துக் கை கழுவினால் கழுவியதாகக் கணக்கு. சோப்பு இல்லாமலா? ஒரு டஜன் வெளிநாட்டு வாசனை சோப்பு கொண்டுவந்திருந்தேன். அத்தனையையும் அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வாசனைக்கு வைத்தாள். தெருவில் எல்லா வீட்டு பீரோவும் அப்படித்தான் மணத்தது. ஒரு சோப்பும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

நான் திரும்பிப் போன இரண்டாவது வருஷம் உனக்கு முதல் வலிப்பு. மஸ்கட் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டு போனார்கள். நீ பூத்தில் உட்கார்ந்தாய்.

அது என் கையா அக்கா?

இதை டாக்டரம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒரு சிநேகிதனின் அக்கா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றார். புழு அத்தனை வருஷம் உயிரோடு இருப்பது அபூர்வம், சிநேகிதருக்குப் பிற்பாடு மறுபடி தொற்றியிருக்கலாம், அந்த அக்காவுக்கு ஸ்கேனே எடுக்கவில்லை, கீரையில் வந்திருக்கலாம், வேறு யார் கையாகவும் இருக்கலாம், வலிப்புக்கு வேறு காரணமே இருந்திருக்கலாம் என்றார். இத்தனை "லாம்" போட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு வீட்டில் என்ன சொன்னேன் என்று கேள். ஏதோ பூச்சியாம், மாத்திரையில் சரியாகுமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ரீட்டா அதை நம்பவில்லை. உனக்கு வந்தது, உன் ரத்தத்தில் அடுத்த பெண்ணுக்கு வந்திருக்கிறது, இது குடும்பத்தோடு வருவது என்று அவளுக்கு நிச்சயம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஆறு மாதம் வலிப்பு வராவிட்டால், நடந்தே வந்து காணிக்கை செலுத்துகிறேன் என்று. போன மாதத்தோடு ஆறு மாதம் முடிந்தது.

நடைப்பயணம் கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வரும்போது கட்டிலில் காவிப் புடவை, மெழுகுவர்த்தி, வெள்ளியில் செய்த சின்னத் தலை உருவம் எல்லாம் பரப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அதற்குள் ஜெனியின் மாத்திரை அட்டைகள், எல்லாம்.

அந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு.

உனக்கு எட்டு மாதம் வலிப்பு வராமல் இருந்தபோது அம்மா பூத்திலிருந்து துபாய்க்குப் போன் போட்டாள். மாதாவுக்கு என்ன காணிக்கை கொடுக்கலாம் என்று கேட்டாள். நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மாத்திரையையே உண்டியலில் போட்டுவிடு, இனிமேல் வேண்டாம் என்று உன் விசுவாசத்தைக் காட்டினதாக இருக்கும் என்றேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. கேலி என்று உனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை. போட்டுவிட்டு வந்தாள். நீயும் அவள் மனம் கோணக் கூடாது என்று சம்மதித்தாய். பதினோராம் நாள் வாய்க்காலில் துணி அலசப் போனாய். முழங்கால் தண்ணீர்தான்.

"மாத்திரைய எதுக்கு எடுத்து வச்சிருக்க?" என்று ரீட்டாவிடம் கேட்டேன்.

"மாதாகிட்டயே குடுத்துட்டு வந்துடலாங்க. அதான் நின்னு போச்சே. உங்கம்மாவும் அப்படித்தானே செஞ்சாங்க."

"செஞ்சு என்ன ஆச்சு?"

"அது அண்ணிக்குத் தண்ணியில கண்டம். அதுக்கு மாதா என்ன பண்ணுவாங்க?"

ஜெனி வாசற்படியில் ஜூவாலஜி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மகள் முன்னால் சொல்லக் கூடாது என்று ஆறு மாதம் நான் கட்டிக் காத்த மரியாதை எல்லாம் அந்த முடிச்சைப் பார்த்ததும் போய்விட்டது.

"கண்டம் இல்ல ரீட்டா. புழு. என் வயித்துல நாடாப்புழு இருந்துச்சு. என் கையிலேர்ந்துதான் ஜெனிக்குப் போயிருக்கு."

ரீட்டா சிரித்தாள். "இருக்கும், இருக்கும். நாலு பேர் சாப்பாட்ட ஒருத்தரா சாப்பிடும்போதே நெனச்சேன், உள்ள யாரோ குடியிருக்காங்கன்னு."

இதுதான் என் தலையெழுத்து அக்கா. வாழ்நாள் முழுக்க விளையாட்டாகச் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொன்னேன், ஜோக்கு என்கிறாள். போய்ப் பரிசோதனைக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் ரீட்டா அதை ஜெனியிடம் கொடுத்தாள். ஜெனி படித்தாள். படித்துவிட்டு, இது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது, போன மாதம்தான் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தேன் என்றாள். அந்தப் படத்துக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவன் நான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவள் காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"அப்ப பிலோ அத்தைக்கும் நீங்கதான் குடுத்தீங்களாப்பா?"

கேலியாக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியலம்மா. குடுத்திருக்கலாம்."

அவள் எழுந்து போகவில்லை. அழவும் இல்லை. ரீட்டாதான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆறு மாசம் தெரிஞ்சே வச்சிருந்தீங்க. நான் இவள சாபம் புடிச்ச புள்ளையாப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் என்னோடு பேச்சு இல்லை. முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. அதை அப்படியே எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அன்று ராத்திரியே கிளம்பினோம். நடைப்பயணம் முழுக்க நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். கூட வந்தவர்கள் ஜெபமாலை சொன்னார்கள். நான் பை, பை என்று சொன்னேன். கால் கொப்புளம் வந்ததுகூடக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம். உண்டியல் முன்னால் ரீட்டா நின்றாள். பைக்குள் கையை விட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பேர் இருந்தார்கள். கூப்பிடலாம் என்றால் பாட்டுச் சத்தத்தில் கேட்காது, ஓடலாம் என்றால் இடமில்லை. வெள்ளித் தலையை எடுத்தாள், முத்தமிட்டாள், போட்டாள். மறுபடி கை பைக்குள் போனது. கைக்குட்டை வெளியே வந்தது.

பீடத்துக்கு நேராக ஜெனியை இழுத்து நிறுத்தினாள். முடிச்சை அவிழ்த்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி மகளின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "மாதா பாக்கவே போடு" என்றாள். ஜெனி விழுங்கியதும் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் வாயத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ரீட்டாவையும் பரிசோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஜெனிக்கு அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். அந்த வளையம் கரைந்திருக்குமா, தழும்பாகத் தங்கியிருக்குமா, இன்னும் எத்தனை நாள் மாத்திரை, ஒன்றும் தெரியாது. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். பின்கட்டில் ஒரு டம்ளர் உருண்டாலும் நான் எழுந்து ஓடுகிறேன். அவள் கொட்டாவி விட்டால் வலது கையைப் பார்க்கிறேன். இந்தப் பயம் எப்போது போகும்? நீ எங்களோடு இருந்த காலத்தில் உன் கையை நாங்கள் எல்லாரும் இப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தோம், அது உனக்கு எப்படி இருந்தது? ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தைப் பங்கு மலருக்குக் கொடுத்திருக்கிறேன். பங்குச் சாமியார் படித்துவிட்டு, நல்லா இருக்கு ஸ்டீபன், "மலம்" என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்றார். அதை எடுத்தால் கடிதமே இல்லை சாமி என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போட ஒப்புக்கொண்டார்.

நீ பார்த்திராத ஒருத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சவரியார் வீட்டு மருமகள். கல்யாணமாகி ஒரு வருஷம், புருஷன் சவூதியில். மாதம் இரண்டு தடவை விழுகிறாளாம். மந்திரித்துத் தாயத்து கட்டி, உள்ளறையில் வைத்திருக்கிறார்கள். தெருவில் இதை ரகசியமாகப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். திங்கட்கிழமை நானும் ரீட்டாவும் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகிறோம். நாங்கள் பன்றிக்கறி பக்கமே போகாத குடும்பம், எங்களுக்கு அந்த வியாதி எப்படி வரும் என்று அவள் மாமியார் வாசலை மறிப்பார். அப்போது அவருக்கு உன்னைப் பற்றிச் சொல்வேன். தட்டில் என்ன இருந்தது, பிசைந்தது யார் என்று பெயரோடு சொல்வேன். சிரிக்க வைக்காமல் சொல்வேன், அக்கா. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும்
உன் ஒரே தம்பி,
ஸ்டீபன்